மாட்டு வண்டியில் ஓடும் இரண்டு கார் டயர்கள்

அனுப்புநர்
திருமதி நா. மரகதம்,
க/பெ. நாகப்பன் (கார் ஓட்டுநர்),
மேட்டுத் தெரு, வடக்குப்பட்டு,
ஒரகடம் வழி, செங்கற்பட்டு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
ஓட்டுநர் உரிமப் பிரிவு.

பொருள்: என் கணவர் நாகப்பனின் ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்யுமுன், விபத்தன்று காரில் இருந்த பின் டயர்களைக் கைப்பற்றி, அவற்றை மாட்டி வேக மீட்டரை மறுபடி சோதிக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: உரிமம் ஏன் ரத்து செய்யப்படக் கூடாது என்று விளக்கம் கேட்டு என் கணவருக்கு வந்த தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அறிவிப்பு என் கணவர் பெயருக்கு வந்தது. அவர் பதில் எழுத மறுத்துவிட்டதால் நான் எழுதுகிறேன். இதில் ஏதேனும் மரியாதைக் குறைவு இருந்தால் அது என் ஆத்திரத்தால் வந்தது, அவரால் அல்ல.

1. என் கணவர் எங்கள் ஊர் திரு. சுப்பராயன் அவர்களின் பழைய திறந்த காரை ஓட்டுபவர். வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய கார். மணிமங்கலம் முதல் ஒரகடம் வரை எந்த வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு என்றாலும் அந்தக் காரைத்தான் கேட்பார்கள்.

2. ஊர்வலத்தில் விளக்குத் தூக்கி வருபவர்களின் தலைக்குப் பின்னால் மாப்பிள்ளை மறைந்துபோகிறார் என்று கல்யாண வீட்டார் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். உடனே சுப்பராயன் அவர்கள், சரக்கு வேனுக்குப் போடும் உயரமான டயர்கள் இரண்டை வாங்கிப் பின்பக்கம் மாட்டினார். அவற்றின் ஓரத்தில் என் கணவர்தான் வெள்ளை பெயிண்டில் வளையம் அடித்தார். கார் முன்னால் குனிந்து கும்பிடு போடுவது போல நின்றது. மாப்பிள்ளை மட்டும் தெருக்கோடி வரை தெரிந்தார். ஊர்வலக் கார் ஆள் நடக்கும் வேகத்தில் போவது. அதன் மீட்டரைப் பற்றி அன்றைக்கு யாருக்கு என்ன கவலை?

3. வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்கு மணிமங்கலம் போன கார், மறுநாள் காலை காலியாகத் திரும்பியது. மே மாதம் எங்கள் பக்கத்தில் முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்ற கொடுமைக்குப் பிறகு சாலையெங்கும் காவல் பலமாக இருந்ததைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் ஊர் ஓட்டுநர்கள் மீட்டர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் ஓட்டினார்கள். என் கணவரும் அப்படித்தான் வந்தார். ஒரகடத்துக்கு முன்னால் உள்ள வளைவில், காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போன கன்னியப்பன் என்பவர் மீது கார் மோதியது. அவருக்கு வலது கால் முறிந்தது. என் கணவர் ஓடி ஒளியவில்லை. அதே காரில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, தாமே போய்க் காவல் நிலையத்தில் நின்றார்.

4. முள் நாற்பது மைலில்தான் நின்றது என்று அங்கே வாக்குமூலம் கொடுத்தார். பிரேக் பிடித்த தடத்தை அளந்தவர்கள், கார் அதைவிட வேகமாக வந்திருக்கிறது என்றார்கள். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் காரை ஓட்டிப் பார்த்து, மீட்டர் சரியாகவே வேலை செய்கிறது என்று எழுதினார். மீட்டர் சரி என்றால் ஓட்டுநர் சொன்னது பொய்யாகத்தானே இருக்க வேண்டும்? தங்கள் அறிவிப்பிலும் "அதிவேகம் மற்றும் பொய் வாக்குமூலம்" என்று கண்டிருக்கிறது.

5. ஆய்வாளரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் பார்த்த அன்று மீட்டர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வருவதற்குள் கார் ஜாமீனில் சுப்பராயன் அவர்களின் கொட்டகைக்குப் போய்விட்டது. அங்கே வேன் டயர்களைக் கழற்றிவிட்டு, காருக்கு உரிய சிறிய டயர்களை மாட்டிவிட்டார்கள். விதிக்குப் புறம்பான டயர் என்று தெரிந்தால் தமக்கும் வம்பு வரும் என்று அவர் பயந்திருக்கலாம். விபத்துக்குப் பிறகு காரின் பக்கமே போகாத என் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

6. இது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று தாங்கள் கேட்கலாம். போன வாரம் ரேஷன் கடைக்குப் போகும்போது, புதிதாக எழும் தொழிற்சாலையின் சுற்றுச்சுவருக்கு ஜல்லி ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று எனக்கு முன்னால் போனது. அதன் டயர்களில் சேற்றுக்கு அடியில் வெள்ளை வளையம் தெரிந்தது. மாட்டு வண்டிக்கு யார் மாப்பிள்ளை அலங்காரம் செய்வார்கள்? வண்டியும் சுப்பராயன் அவர்களுடையதே. நடுரோட்டில் நின்று அழுதேன்.

7. ஒரகடத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் நரசிம்மனிடம் ஓடினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மீட்டரு ரோட்டயா பாக்குது? சக்கரம் எத்தினி சுத்து சுத்துதுன்னுதான் அதுக்குத் தெரியும். டயரு பெருசானா ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி கூட ஓடிடும். முள்ளு மட்டும் கம்மியாத்தான் காட்டிக்கினு இருக்கும்." முள் நாற்பதில் நின்றபோது கார் உண்மையில் நாற்பத்தைந்துக்குக் குறையாமல் ஓடியிருக்கும் என்பது அவர் கணக்கு.

8. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்த நேரத்தில் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி, தரையில் ஓடிய தூரத்தைக் கயிற்றால் அளந்தேன். அளக்கும்போது, காயம்பட்ட கன்னியப்பனின் தாயார் பாப்பம்மாள் அந்த வழியாக வந்தார். நான் கூப்பிடவில்லை. கயிற்றின் மறுமுனை நழுவுவதைப் பார்த்து அவராகவே குனிந்து பிடித்தார். அந்த வாரம் அதே கார் ரிப்பேருக்காக நரசிம்மன் பட்டறையில் நின்றது. கயிற்றோடு நான் அங்கே போனபோதும் பின்னாலேயே வந்தார். இப்போது காரில் உள்ள டயரையும் ஒரு சுற்று உருட்டி அளந்தோம். ஒரு சுற்றுக்கு ஒரு சாணுக்கு மேல் வித்தியாசம். அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

9. அந்த அம்மாள் முன்பு ஒருநாள் தெருவில் வைத்து என் கணவரைக் கேட்டது இது: "எம் புள்ள கால ஒடச்ச. அத்த கூட பொறுத்துக்குவேன். நாப்பதுலதான் வந்தேன்னு வாய் கூசாம பொய் சொன்ன பாரு, அத்த எப்டிடா பொறுப்பேன்?" அன்றிலிருந்து என் கணவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. "மரகதம், நான்தான் முள்ள சரியா பாக்கலியோ இன்னாவோ" என்று என்னையே கேட்கிறார். தன் கண்ணையே நம்பாத மனிதரோடு ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை மனுவில் எழுத எனக்குத் தெரியவில்லை.

10. ஐயா, இந்த அளவு எங்களுக்கு எதிராகவும் பேசுகிறது என்பதை அறிவேன். என் கணவர் தமக்கே தெரியாமல் வேகமாகத்தான் வந்திருக்கிறார். கன்னியப்பன் இனி கம்பெனியில் நின்று வேலை செய்ய முடியாது. அந்தப் பாவத்தை டயர் மேல் தள்ளிவிட்டு நாங்கள் நிம்மதியாக இருக்கப் போவதில்லை. ஆனால் தெரியாமல் செய்ததும் தெரிந்தே பொய் சொன்னதும் ஒன்றல்ல.

ஆகவே, ஜல்லி பாரத்தில் அந்த டயர்கள் தேய்ந்து போகுமுன் அவற்றைக் கைப்பற்றி, காரில் மாட்டி, தங்கள் முன்னிலையில் மீட்டரைச் சோதிக்க உத்தரவிட வேண்டுகிறேன். அதன் பிறகு வேகத்துக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். "பொய் வாக்குமூலம்" என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் அடித்துவிடுங்கள். உரிமம் போனால் வேறு பிழைப்புத் தேடலாம். அவருக்கு அந்தப் பெயர் போக வேண்டும்.

இடம்: வடக்குப்பட்டு
நாள்: 16.9.1991

தங்கள் நீதியை நம்பியிருக்கும்,
(ஒப்பம்) நா. மரகதம்

சாட்சி: மனுவை எழுதி முடித்த பிறகு பாப்பம்மாள் வீட்டுக்கு வந்து, முழுவதையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். கேட்டபின் அவர் சொன்னது: "வேகமா வந்தான். பொய் சொல்லல. ரெண்டத்தயும் எய்து."

பாப்பம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.