ஜும்பெர் வீட்டுத் தாழி

தெலாவி, ஏப்ரல் 22

அன்பு மகள் இர்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சொல்ல இந்த வாரம் எனக்குத் தெம்பில்லை. நீ வார்சாவில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி, கைகால் சுகத்தோடு இருக்க வேண்டுமென்று மாதா படத்துக்கு முன்னால் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அந்தப் போன் எந்நேரமும் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது, நான் சொல்லப்போவதோ அவர் காது கேட்கச் சொல்லக்கூடியது இல்லை. அதனால் ஒயின் கேன்களோடு சேர்த்து லாரிக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன், வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படி.

ஜனவரியில் அப்பாவுக்கு வந்த காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னோம். காய்ச்சல் போனது உண்மைதான், போகும்போது அவர் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோப்பு, ரொட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். வாசனை போனதும் நாக்கும் பாதி போய்விட்டது, உப்பும் புளிப்பும் மட்டும் தெரிகிறதாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். யாரிடமும் மூச்சு விடாதே என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். உனக்கே தெரியும், இந்தச் சுற்று வட்டாரத்தில் உன் அப்பா ஷல்வா ஒரு வாய் குடித்துத் தலையாட்டிய பிறகுதான் மண்ணில் புதைத்த ஒயின் தாழியை விலை பேசவே துணிகிறார்கள். அந்தத் தலையாட்டல் இல்லாவிட்டால் தான் வெறும் கிழவன் என்று அவருக்குப் பயம். அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை, அதனால் ஒத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நீ திறக்கப்போகும் ஒயின் கடைக்குச் சரக்குத் தேடி நான் ஏன் அவரோடு ஊர் ஊராக மினிபஸ்ஸில் குலுங்கப் போகிறேன்.

ஏற்பாடு என்னவென்றால், தாழி திறக்கிற இடத்தில் அவர் எதுவும் சொல்ல மாட்டார். சாப்பாட்டோடு குடித்துப் பார்த்துத்தான் சொல்வேன் என்று மேஜைக்கு வந்துவிடுவார். பொம்பளைகள் நாங்கள் இருப்பது அங்கேதானே. நான் ஒரு வாய் குடித்துவிட்டு ரொட்டியைப் பிய்த்தால் நல்லது, உப்புக் கிண்ணத்தைத் தொட்டால் வேண்டாம். குர்ஜானியில் நுக்சார் வீட்டுக்கு முதலில் போனோம். சப்பெராவித் திராட்சை ஒயின், மை மாதிரிக் கறுப்பு, பார்க்க ஜம்மென்று இருந்தது. வாயில் விட்டதும் பல் கூசியது, விழுங்கினால் தொண்டையில் காடி. மூடியை ஒழுங்காக அடைக்காமல் விட்டிருக்கிறான், கேட்டால் மழையைக் குறை சொல்கிறான். உப்பைத் தொட்டேன், அப்பா நயமாக ஏதோ சொல்லிக் கழன்றுகொண்டார். ஆனால் எழுந்து வரத்தான் முடியவில்லை, செத்தவர்களுக்கு ஒரு வாழ்த்து, பிள்ளைகளுக்கு ஒரு வாழ்த்து, விருந்தாளிக்கு ஒரு வாழ்த்து என்று கோப்பையைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

மறுநாள் ஆர்த்தானாவில் நானூலி வீடு. புருஷன் போன பிறகு அவளே போடுகிறாள், கிசி திராட்சையைத் தோலோடு ஆறு மாதம் விட்டு எடுத்த தேன்நிற ஒயின். முதலில் காய்ந்த ஆப்ரிகாட் வாசனை வந்தது. பிறகு ஆறிப்போன தேநீரின் துவர்ப்பு, விழுங்கிய பின் அக்ரூட் தோலின் கசப்பு நாக்கின் ஓரத்தில் கொஞ்சம். இரண்டாவது வாய்க்கு முழங்கால் வலியை மறந்திருந்தேன். ரொட்டியைப் பிய்த்தேன், அவ்வளவு பெரிய துண்டா பிய்ப்பே என்று அப்பா பிற்பாடு கிண்டல் செய்தார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் உன்னிடம் போனில் ஆப்ரிகாட்டு, ஆறின டீ என்றெல்லாம் சொன்னாரே, நீகூட என்னப்பா கவிஞராயிட்டீங்க என்று சிரித்தாயே, அதெல்லாம் நான் பஸ்ஸில் அவரிடம் சொன்னது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

மூன்றாவதுதான் உன் ஞானத்தகப்பன் ஜும்பெர் வீடு. உன் கடைக்குத் தன் ஒயின்தான் போகணும் என்று நீ வார்சாவில் இடம் பிடித்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறான். அக்கம்பக்கத்து ஆம்பளைகள் எல்லாம் தாழியைச் சுற்றி நின்றார்கள். ஜும்பெர் அப்பாவின் கழுத்தில் கையைப் போட்டு, சொல்லுடா ஷல்வா, இங்கேயே சொல்லு என்று கிண்ணத்தைக் கொடுத்திருக்கிறான். இவரும் மேஜைக்கு வராமல், பத்து வருஷத்துல இப்படி ஒண்ணு நான் குடிச்சதில்லடா என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா, அங்கிருந்தே உனக்குப் போன் போட்டார், இருநூறு லிட்டர் அனுப்பறோம் என்றார். அப்பா சொன்னா சரிதான் என்று ஸ்பீக்கரில் நீ சொன்னது மாடியில் மேஜை போட்டுக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. அப்புறம்தான் ஜாடி மேலே வந்தது. முதல் வாய் நன்றாகத்தான் இருந்தது, கறுத்த செர்ரி, நல்ல சதைப்பிடிப்பு. விழுங்கி மூன்று மூச்சு விட்டேன், எலிப்புழுக்கை வாடை அடித்தது. தானியக் குதிருக்குள் தலையை விட்டது மாதிரி. உப்பைத் தொட்டேன், திரும்பத் தொட்டேன், கிண்ணத்தையே அவர் பக்கம் தள்ளினேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. மற்றவர்களோ ஐந்தாவது கோப்பையில் இருந்தார்கள், ஷல்வா சொன்ன பிறகு எவன் வாயைத் திறப்பான்.

பஸ்ஸில் சொன்னேன், அது கெட்டுப்போனது என்று. வாய மூடு எத்தேரி, அவன் என் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் என்றார். கடை திறக்கிறவ உங்க பிள்ளைதான், முதல் நாளே வர்றவங்களுக்கு எலிநாத்தத்தை ஊத்தச் சொல்றீங்களா என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலே வாதாட எனக்குத் தெம்பும் இல்லை. காலையில் பார்த்தால் சவரம் செய்து கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். கிளம்பு என்றார்.

ஜும்பெர் முற்றத்தில் லாரிக்காகக் கேன் கழுவிக்கொண்டிருந்தான், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் கூட நின்றார்கள். அப்பா அவர்களைப் போகச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. மூக்கு செத்து மூணு மாசம் ஆச்சுடா, நேத்து நான் குடிச்சது எனக்குத் தண்ணி மாதிரிதான் இருந்துச்சு, நீ ஆசையா கேட்டே, நான் புளுகிட்டேன், எலி வாடை அடிக்குதுன்னு எத்தேரி சொல்றா என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஜும்பெர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். கத்தப்போகிறான் என்று நான் பயந்தேன். நீ வர்றதுக்கு முந்தின நாளே எனக்குத் தெரியும்டா பாவி என்றான். எலி வாடைதான்னு தெரியும், நீ வந்து ஆஹாங்கிறே, சரி கெட்டது என் நாக்குதான்னு நினைச்சு நேத்துலேர்ந்து ஒரு வாய் ரொட்டி இறங்கல என்றான். பிறகு இருவரும் சிரித்தார்கள், அப்புறம் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், எனக்கு நின்று நின்று கால் கடுத்துப்போயிற்று. ஏன் அண்ணி நீங்க சொல்லல என்று என்னிடம் வேறு கேட்டான். முப்பத்தினாலு வருஷமா உங்க தாழிப் பக்கம் என்னை எப்ப விட்டீங்க தம்பி என்றேன். என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் சின்னத் தாழியைத் திறந்து அகப்பையை என் கையில் கொடுத்தான். குடித்தேன், இது இன்னும் முரடாயிருக்கு, மூடிவைங்க, அறுப்புக்கு முன்னால பார்க்கலாம் என்றேன். மறுபேச்சில்லாமல் மூடினான். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றுதான் இருந்தது. அந்தப் பெரிய தாழி முழுவதையும் சாராயம் காய்ச்சப்போகிறானாம்.

ஆகவே லாரியில் வருவது நானூலியின் கிசி. அதை ஃபிரிட்ஜில் வைத்துக் கொல்லாதே, கொஞ்சம் குளிர்ச்சி போதும், அக்ரூட் அரைத்துத் தடவிய கத்திரிக்காயோடு கொடு. உனக்கு இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை வைத்திருக்கிறேன், நாள் பூராவும் அந்தக் கல் தரையில் நிற்காதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊருக்கே சொன்ன மனுஷனுக்கு உன்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. மூன்று முறை போனை எடுத்து உன் பேரை அழுத்தப் போய் வைத்துவிட்டார். ஜும்பெர் ஒயினுக்குப் பதில் நானூலியுடையது வருவதற்கு, லாரியில் இடம் இல்லை, அது இது என்று கதை சொல்லியிருப்பார், நம்பினதாக இருந்துகொள். இது கைக்கு வந்த அன்றைக்கே கூப்பிடு. ஒயினைப் பற்றி நீயாக எதுவும் கேட்காதே, பேச்சை வளர்த்துக்கொண்டே இரு, எப்படியும் சொல்லிவிடுவார். சொல்லும்போது இப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி கேள். வேறு யாரும் சொல்லுமுன் தன் வாயாலேயே உன்னிடம் சொன்னோம் என்று அவருக்கு இருக்கட்டும். அவர் போனை வைத்த பிறகு அழு, அதற்கு முன்னால் அழாதே.

புனித கியோர்கி உன் கடைக்கும் உனக்கும் காவல் இருக்கட்டும். இந்தத் தாளைப் படித்ததும் கிழித்துவிடு, மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா எத்தேரி