உட்கார்ந்து எடுத்த அளவு

21 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போனில் கத்தினால் தெருவே கேட்கிறது, நீங்கள் மட்டும் கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் இப்போது இருக்கும் ஊரின் பெயரை எழுதக்கூடாது. தஞ்சாவூர்ப் பக்கம், ரயில் சத்தம் கேட்கும் தெரு, வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம். வேலை, வானதி என்ற பெண்ணுக்குக் காவல். மணல் டிராக்டரை மறித்த அவள் தம்பியை ஏற்றிக் கொன்றுவிட்டார்கள். கண்ணால் பார்த்தது அவள் ஒருத்திதான். கோர்ட்டில் சொல்லும் வரை அவள் உயிரோடு இருக்க வேண்டும். தெருவில் நான் அவளுடைய சித்தி மகள். சுடிதாரில்தான் திரிகிறேன், துப்பாக்கி வெளியே தெரியக்கூடாது.

அங்கேதான் தொல்லை. டிபார்ட்மென்டில் கொடுத்த உறை ஆண்களின் இடுப்புக்குச் செய்தது. பக்கத்தில் மாட்டினால் பிடி விலாவில் ஏறுகிறது. முதுகில் செருகினால் உட்கார முடியவில்லை. வயிற்றில் வைத்தால் குடல்வால் ஆபரேஷன் செய்த இடம் எரிகிறது. அக்குளில் மாட்டும் வார் எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு தையல்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் நடப்பதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா மூட்டு வலித் தைலம் கொடுத்தார்.

ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் அளவெடுத்தவர் நீங்கள். ஒரு வழி சொல்லுங்கள். பதிலைத் தஞ்சாவூர் காவலர் குடியிருப்பு விலாசத்துக்கே போடுங்கள். கூட வேலை பார்க்கும் நிலோஃபர் கொண்டுவந்து கொடுப்பாள்.

உங்கள் மகள்
அனுசுயா

வேதாரண்யம்
29.7.2024

அன்பு மகள் அனுவுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மகளுக்கு ரவிக்கை தைத்திருக்கிறேன், பாவாடை தைத்திருக்கிறேன், இதற்கும் தைக்க வேண்டும் என்று எனக்கு எழுதியிருக்கிறது. கடலுக்குப் போனால் வாந்தி எடுக்கிறான் என்று என் அப்பா என்னைத் தையல் மிஷினில் உட்கார வைத்தார். அது இதற்காகத்தான் போலிருக்கிறது.

உனக்கு உன் அம்மாவின் உடல்வாகு. மேல் உடம்பு குட்டை, இடுப்பு அகலம். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தால் அதிகம். ஆம்பிளைக்குச் செய்ததை அங்கே மாட்டினால் எங்கே போய் நிற்கும்? விலாவில்தான். தப்பு உன் உடம்பில் இல்லை, செய்தவனிடம் இருக்கிறது. இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டுகிற மாதிரி அகலப் பட்டை தைக்க வேண்டும்.

அளவு அனுப்பு. நின்று ஒரு அளவு, உட்கார்ந்து ஒரு அளவு. நின்று எடுத்த அளவு பாதிப் பொய். அந்தச் சாமானைக் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து அனுப்பு. படகு ஆசாரியிடம் அதே மாதிரி கட்டையில் செதுக்கி வாங்கிக்கொள்கிறேன். வெட்கப்பட்டு இரண்டு இஞ்ச் குறைத்து எழுதாதே.

அப்பா
செல்லத்துரை

8 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பா,

அளவுகள் தனித்தாளில். ஒரு இஞ்ச்கூடக் குறைக்கவில்லை, எடுத்தது வானதி. இங்கே வந்து ஒரு மாதத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "போலீஸ்காரங்களுக்கும் தொப்பை இருக்கும்னு தெரியும், பொம்பள போலீசுக்கும் இருக்குமாக்கா?" என்றாள்.

துப்பாக்கியை வரைந்ததும் அவள்தான், குண்டை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். வரைந்து முடித்ததும் துப்பாக்கியைத் துணி போட்டு மூடினாள். அது கண்ணில் படும்போதெல்லாம் தன்னைக் கொல்ல ஆள் இருக்கிறது என்று ஞாபகம் வருகிறதாம். அவள் கண்ணிலும் படாத மாதிரி செய்ய முடியுமா?

அனு

வேதாரண்யம்
26.8.2024

அனு,

பார்சல் வந்திருக்கும். வெளிப்பக்கம் கித்தான், உள்பக்கம் நாலு தடவை துவைத்த டிரில் துணி, உறுத்தாது. செருப்புக் கடையில் ஒரு தோல் துண்டு வாங்கி நடுவில் வைத்திருக்கிறேன், உருவம் மடங்காது. தழும்பு இருக்கும் இடத்தில் தையலே வராமல் வளைத்துவிட்டேன். பின்னால் மூன்று வரிசைக் கொக்கி, சாப்பிட்ட பிறகு ஒன்று தளர்த்திக்கொள்ளலாம்.

நீ வீட்டில் விட்டுப்போன சுடிதார்கள் இரண்டில் வலப்பக்கத் தையலைப் பிரித்து வழி வைத்திருக்கிறேன். பை மாதிரிதான் தெரியும். கை உள்ளே போனால் நேராகப் பிடியில்தான் போய் நிற்கும். கட்டையை வைத்து நானே கட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் பார்த்தவரை கிழவனுக்கு இடுப்பு கொஞ்சம் பெருத்த மாதிரி இருந்தது, மற்றபடி ஒன்றும் தெரியவில்லை.

சாப்பாட்டைக் குறைக்காதே. குறைத்தால் அளவு மாறும்.

அப்பா

15 செப்டம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எதிர்வீட்டு அம்மா தைலம் நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுகிறார். காலையில் கட்டினால் மத்தியானம் வரை அப்படி ஒன்று இடுப்பில் இருப்பதே மறந்துபோகிறது. தரையில் உட்கார்ந்து அரிசி புடைக்கிறேன் அப்பா, துப்பாக்கியோடு.

ஒரே ஒரு குறை. நேற்று ஷேர் ஆட்டோவில் குனிந்து ஏறும்போது பிடி மேலே நழுவி, நீங்கள் வைத்த வழியாக வெளியே தெரிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை, வானதி பார்த்தாள். ராத்திரி சாப்பிடவில்லை. உறையின் வாயை எப்படியாவது மூடித் தாருங்கள். நிலோஃபரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதுவரை பழைய உறை, பழைய வலி.

அனு

வேதாரண்யம்
3.10.2024

அனு,

பட்டன் வைத்துப் பார்த்தேன், சத்தம் வருகிறது. ஜிப் பல்லில் துணி சிக்குகிறது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, உன் அம்மாவின் சுருக்குப்பையை எடுத்தேன்.

முப்பது வருஷம் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இறங்கியவள். குனிந்தாள், நிமிர்ந்தாள், ஓடினாள். இடுப்பில் செருகிய அந்தப் பை ஒரு நாள் நழுவியதில்லை. அவள் கையால் திரித்த பருத்திக் கயிறு, வழுவழுவென்று இருக்கிறது. அதை உருவி உன் உறையின் வாயில் கோத்துவிட்டேன். உருவு முடிச்சு. ஒரு முனை உன் விரல் படும் இடத்தில் தொங்கும். ஒரு இழுப்பு, வாய் திறந்துவிடும். கட்டையை வைத்து நூறு தடவையாவது இழுத்துப் பார்த்துவிட்டேன்.

அம்மா தர்மாம்பாள் உன் இடுப்பில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள். எனக்கும் அது ஒரு தைரியம்.

அப்பா

20 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பா,

அம்மா நழுவவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தினமும் இருபது தடவை எடுத்துப் பழகுகிறேன். இழுத்தால் வெண்ணெய் மாதிரி வருகிறது. வானதி இப்போது என் வலப்பக்கமே ஒட்டி நடக்கிறாள்.

நவம்பர் 12 அவள் சாட்சி. அது முடிந்ததும் நாலு நாள் லீவு கேட்டிருக்கிறேன். அவளையும் கூட்டிக்கொண்டு வருவேன். கடலைப் பார்த்ததில்லையாம். அவளுக்கு ஒரு சுடிதார் தைத்து வையுங்கள். அளவு தாளின் பின்பக்கம். ஒல்லி, உங்களுக்கு வேலை மிச்சம்.

அனு

வேதாரண்யம்
16.11.2024

அனு,

பேப்பரில் பார்த்தேன். பூதலூர் என்று போட்டிருந்தது. கோர்ட்டுக்குக் கிளம்பிய பெண்ணைத் தெருமுனையில் வெட்டிவிட்டார்கள், கூட இருந்த பெண் காவலர் சுடவில்லை, தற்காலிகப் பணிநீக்கம் என்று நாலே வரி. உன் பெயர் இல்லை. இருந்தும் நான் உன்னைத்தான் படித்தேன்.

உனக்கு அடிபட்டதா? அதை மட்டும் முதலில் எழுது. பக்கத்து வீட்டுப் பையனை விட்டு போன் போடச் சொன்னேன், அணைத்து வைத்திருக்கிறாய். தஞ்சாவூருக்கு வந்தேன், பார்க்க விடவில்லை.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு அங்கே மழையா?

அந்தப் பெண்ணின் சுடிதாருக்குக் கை மட்டும் வைக்க வேண்டியிருந்தது. அப்படியே மிஷின் மேல் கிடக்கிறது.

அப்பா

24 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்கு அடி இல்லை. வலது கையில் சின்னக் காயம், ஆறிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். ஜீப் தெருவுக்குள் வராது, முனை வரை நடந்து போனோம். பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். நான் உறைந்துபோனேன். கை எழும்பவில்லை. விசாரணையிலும் இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பயம் அப்பா. எத்தனை பழகினாலும் அந்த நேரத்தில் வருகிற பயம்.

நீங்கள் தைத்ததில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு நான் அதைக் கட்டவே இல்லை, டிபார்ட்மென்ட் உறைதான். மழையா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அனு

வேதாரண்யம்
20.12.2024

அனு,

நேற்று நிலோஃபர் உன் சாமான்களைக் கொண்டுவந்தாள். வாசலில் நின்று அழுதாள். பட்டையை வெண்ணாற்றில் போடச் சொன்னாயாம், அவளுக்கு மனசு வரவில்லை.

நீ கட்டவில்லை என்று எழுதினாய். கித்தானில் ரத்தம் இருக்கிறது. கயிறு இறுகி, முடிச்சு கல் மாதிரி கிடக்கிறது. இழுத்து இழுத்து நார் பிய்ந்திருக்கிறது. முடிச்சுக்குள் உன் நகம் ஒரு துண்டு.

நீ பயப்படவில்லை அம்மா. நீ கடைசி வரை இழுத்திருக்கிறாய்.

நனைந்தால் பருத்திக் கயிறு ஊதும், முடிச்சு உருவாது. கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். வலைக்காரன் மகன் எனக்குத் தெரியாதா? மழை நாளில் உன் அம்மா வீட்டுக்கு வந்ததும் சுருக்குப்பையைப் பல்லால் கடித்துத்தான் திறப்பாள். நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதே கயிற்றை எடுத்து, ஐப்பசி மழை வரப்போகிற நேரத்தில் உன் இடுப்பில் கட்டினேன். நூறு தடவை இழுத்துப் பார்த்தவன் ஒரு தடவை தண்ணீர் தெளித்துப் பார்க்கவில்லை. நைலான் கயிறு கைக்கெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கியது.

பையின் மறுபக்கத்தில் மிச்சம் இருந்த கயிற்றை இன்று பேசினில் நனைத்து முடிச்சுப் போட்டேன். அவிழ்க்க எனக்கு ஊசி வேண்டியிருந்தது. உனக்கு இருந்தது எவ்வளவு நேரம்?

பட்டையை எடுத்துக்கொண்டு உன் விசாரணை அதிகாரியிடம் வருகிறேன். தைத்தவன் நான், கோத்தவன் நான். கோழை என்ற பெயர் உனக்கு வேண்டாம். நிலோஃபரிடம் நாள் கேட்டிருக்கிறேன்.

அப்பா

6 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வராதீர்கள். விசாரணை முடிந்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். வேலை போய்விட்டது. நீங்கள் வந்து சொன்னால் அது திரும்பி வராது. சொந்த உறை கட்டினேன், பொய் எழுதினேன் என்று இன்னும் இரண்டு சேரும். உங்களையும் நாலு பேர் நடுவில் நிறுத்திக் கேட்பார்கள். உங்கள் காதில் அவர்கள் கேள்வி விழாது. நான்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கத்திச் சொல்ல வேண்டும். அது என்னால் முடியாது.

மழை பெய்தது அப்பா. விடிந்ததிலிருந்து பெய்தது. வானதி, "இழு அக்கா, இழு" என்றாள். அவளுக்குத் தெரியும், தினமும் பார்த்தவள் இல்லையா. ஓடியிருக்கலாம். நான் எடுத்துவிடுவேன் என்று நம்பி என் வலப்பக்கமே நின்றாள். கேட்டீர்களே, எவ்வளவு நேரம் என்று. அவள் நாலு தடவை சொன்னாள்.

வாயை மூடித் தாருங்கள் என்று கேட்டது நான். குற்றம் உங்களுடையது இல்லை என்று ஆயிரம் தடவை எழுதுவேன், அது உண்மையும்கூட. ஆனால் வீட்டுக்கு வந்தால் நீங்கள் என் நகத்தைப் பார்ப்பீர்கள், நான் உங்கள் விரல்களைப் பார்ப்பேன். இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து சோறு எடுக்க முடியாது. அதனால் வரவில்லை. திருப்பூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்வுமன் வேலை சொல்லியிருக்கிறார்கள், கையில் தடி மட்டும்தான். இந்த விலாசத்துக்கு இனிமேல் எழுதாதீர்கள், காலி செய்கிறேன். புது விலாசம் தர மாட்டேன். என்றாவது தர மனசு வந்தால் தருகிறேன், காத்திருக்காதீர்கள்.

வானதியின் சுடிதாருக்குக் கை வைத்து முடித்து, அவள் அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள். நிலோஃபர் விலாசம் தருவாள்.

முடிச்சை அறுக்காதீர்கள். பொறுமையாக ஊசியால் அவிழ்த்து, காயவைத்து, அந்தக் கயிற்றை அம்மாவின் பையிலேயே திரும்பக் கோத்துவிடுங்கள். அது அந்தப் பைக்கு எடுத்த அளவு.

அனுசுயா