கிழிக்கச் சொன்ன பாஸ்போர்ட்

மார்ச் 11
கட்சி அலுவலகத்தில் இன்றும் ஹீட்டர் வேலை செய்யவில்லை. கோட்டைக் கழற்றாமலே கூட்டம் நடந்தது. தலைவர் ரோதியோனுக்கு இருபத்தேழு வயது. எங்களில் அவன்தான் கிழவன். ஏப்ரல் இரண்டாம் தேதி எங்கள் திராஸ்போல் நகரச் சதுக்கத்தில், டிவிக்காரர்கள் முன்னால், அவரவர் அந்நிய பாஸ்போர்ட்டைக் கிழிக்க வேண்டும் என்றான். ‘ஒரு சட்டைப்பைக்கு ஒரே பாஸ்போர்ட்’ என்று கோஷம் எழுதிக் கொடுத்தது யார்? சாட்சாத் நான்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

மார்ச் 12
தூக்கமில்லை. மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் எங்களை நாடு என்றே உலகத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. அதனால் இங்கே எந்த வீட்டு இழுப்பறையைத் திறந்தாலும் ஆற்றுக்கு அக்கரை மால்டோவா பாஸ்போர்ட் ஒன்று கிடக்கும். என்னுடையதில் இத்தாலி விசா இருக்கிறது. இரண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை கொடுத்தது. ஜூனில் அம்மாவிடம் போக.

அம்மா பொலோன்யாவில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். ஆறு வருஷமாகிறது. அங்கே தங்க அவளிடம் காகிதம் இல்லை. ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். நான் போனால்தான் உண்டு. இதெல்லாம் தெரிந்துமா அந்தக் கோஷத்தை எழுதினேன்? என் வாய் இருக்கிறதே!

மார்ச் 18
அம்மா போன் செய்தாள். எனக்குச் செருப்பு வாங்க வேண்டுமாம், கால் அளவு கேட்டாள். சதுக்கத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

மார்ச் 25
கட்சித் தோழி ஸ்னெஷானாவிடம் புலம்பினேன். சிரித்தாள். “அடி அசடே, காலாவதியான பழசைக் கொண்டு வா. எல்லாரும் அதைத்தான் கொண்டு வர்றோம்.” ரோதியோனுமா என்றேன். அவனும்தானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் எதற்கு அந்தப் பனியில் பிரசாரம் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டினோம்?

ஏப்ரல் 2
புதுசு, பழசு இரண்டையும் எடுத்துப் போனேன். மேடைக்குப் பின்னால் ரோதியோன் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான்: “மூலை வெட்டியிருக்கும்ல, அதைக் கட்டைவிரலால மறைச்சுக்கங்க. கேமராவுல தெரியக் கூடாது.” ரத்தானதை மூலை கத்தரித்துத்தானே திருப்பித் தருவார்கள். இருபது பேர், இருபது கட்டைவிரல்.

அப்போது எனக்குள் என்ன புகுந்ததோ — கோபமா, திமிரா — ஒருத்தியாவது நிஜமாகச் செய்ய வேண்டாமா? விசாவோடு சேர்த்துக் கிழித்தேன்.

கீழே இறங்கியதும் என் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தான் ரோதியோன். முகம் வெளிறிவிட்டது.

“நிஜமானதையா கிழிச்சே? பைத்தியமா உனக்கு, லூஸ்யா?”

சொந்தக் காசில் சூனியம்.

ஏப்ரல் 3
அழுதேன்.

ஏப்ரல் 8
அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அழுதுகொண்டேதான். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “விசா இருந்த பக்கமுமா?” என்றாள். ஆமாம்மா என்றேன். கிழவி கூப்பிடுகிறாள் என்று போனை வைத்துவிட்டாள்.

மே 30
புது பாஸ்போர்ட் வாங்கி மறுபடி விண்ணப்பித்தேன். விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கட்சிப் பக்கம் போய் ஒரு மாதமாகிறது. ஒருவரும் தேடவில்லை.

ஜூன் 14
அம்மா வந்துவிட்டாள்! மூன்று நாள் வேன் பயணம், கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. “நீ வர முடியாது. அதான் நானே வந்துட்டேன்” என்றாள், பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவள் மாதிரி. தலை முழுக்க நரைத்துவிட்டது. இனி அவளால் அங்கே போக முடியாது.

ஜூன் 21
ரோதியோன் கேமராக்காரனோடு வந்தான். அந்நிய மண்ணை உதறித் தாயகம் திரும்பிய தாய் என்று அம்மா படத்தைப் போட்டுச் சுவரொட்டி அடிக்கப் போகிறானாம். அதற்கு நான் ஒரு வரி எழுதித் தர வேண்டுமாம். அம்மா அவனை உட்கார வைத்து சூப் ஊற்றினாள்.

“தாயகமெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. இவ அழுதா, வந்தேன். நீ சாப்பிடு.”

படம் எடுக்காமலே, இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனான்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா நடுவில் நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தாள். கிழவிக்கு மாத்திரை கொடுக்கும் நேரமாம். நாளைக்கு அம்மாவை ரொட்டித் தொழிற்சாலைக்கு அழைத்துப் போக வேண்டும். தரை பெருக்க ஆள் எடுக்கிறார்கள்.