கருவாடு பொதிந்த ஆபரேஷன் சீட்டு

நூருன்னிசாவின் அத்தாவுக்கு,

திருநெல்வேலி டாக்டரம்மாவைப் பார்க்க எட்டு மணி ரயிலில் போகிறேன். நூருவும் என்னோடு வருகிறாள். சோறும் புளிக்குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கிறது. சாவி பக்கத்து வீட்டு ஆவுடைத்தாயிடம்.

நூரு பிறந்தபோது என் வயிற்றைக் கீறி எடுத்தார்களே, அந்த ஆபரேஷன் சீட்டை ஒரு வாரமாகத் தேடினேன். இன்று காலை உறியில் அகப்பட்டது. அதில் கருவாட்டைப் பொதிந்து வைத்திருக்கிறீர்கள். சீ! "வயித்தக் கீறுன காயிதத்த எதுக்குட்டி வச்சிருக்க? பாத்தாலே அருவருப்பா இருக்குல்லா" என்று சொன்ன வாய்தானே அந்தக் கருவாட்டைத் தின்றது?

வெளித் தையலைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. உள்ளே கர்ப்பப்பையின் அடிப்பக்கம் குறுக்காக வெட்டியிருந்தால்தான் இப்போது வயிற்றிலிருக்கும் இந்தப் பிள்ளையைச் சுகப்பிரசவமாகப் பெற்றுப் பார்க்கலாமாம். அதுவும் ஆஸ்பத்திரியில்தான். அந்த விவரம் இருப்பது இந்த நாற்றம் பிடித்த காகிதத்தில் மட்டும். உப்புக் கசிந்து பாதி எழுத்து கலங்கிக் கிடக்கிறது. டாக்டரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கட்டும்.

நீங்கள் வரச்சொன்ன மருத்துவச்சி மத்தியானம் வருவாள். காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். "இந்தத் தடவ வீட்டுலயே பெத்துருவா" என்று அவளிடம் வாக்குக் கொடுத்தது நீங்கள்தானே? நீங்களே பெறுங்கள்.

ஷம்சாத்

கொடியில் காயும் உங்கள் சட்டையை மறக்காமல் எடுத்துவிடுங்கள். மேகம் கறுக்கிறது.

மிச்சக் கருவாட்டைப் பூனைக்குப் போட்டுவிட்டேன். இனி வாங்கி வந்தால் நான் எழுதிய இந்தக் கடிதத்தில் பொதிந்துகொள்ளுங்கள். இதை எந்த டாக்டரும் கேட்கமாட்டார்.