போன வேல வேற, வந்த வேல வேற

காலைல தேரடில பஸ் ஏறினேன் ணா. எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனில இன்டர்வியூ. அப்பாவுக்கு இப்ப முடியல, வூட்டுக்கு நான்தான், வேல கெடச்சே ஆகணும். பக்கத்து சீட்டுல ஒரு பையன் பூட்ஸ தோள்ல மாட்டிகினு, முட்டிக்கு வலி ஸ்ப்ரே அடிச்சான். பஸ்ஸு பூரா அந்த வாசன. கண்டக்டர் திட்டினாரு. எனக்கு நீ வந்து பக்கத்துல குந்திகினா மாதிரி இருந்துச்சு. செத்துப்போன ஆளுக்கு மெசேஜ் டைப் பண்றது லூசுத்தனம்தான். பரவால்ல.

உன் கம்பெனி டீமுக்கு நீ கோல்கீப்பர். நான் கூடப் பொறக்காத தங்கச்சி, செல்போன தூக்கிகினு மேட்ச் மேட்ச்சா சுத்தின ரசிகை. எடிட்டிங்லாம் நானா பாத்து பாத்து கத்துகினது. நீ பெனால்டி புடிச்சத ஸ்லோமோஷன்ல போட்டேன் பாரு, செம்ம! "யாரு மாமு இது, ஒடம்புல ஸ்பிரிங்கா கீது"ன்னு கமென்ட் வந்துச்சு. நீ பாத்துட்டு, "தங்கச்சி, மூஞ்சிய கொஞ்சம் வெள்ளையா காட்டிருக்கலாம்"ன்னே.

அப்பால லாக்டவுன். உன்ன மாதிரி பாதி பேருக்கு கணக்க முடிச்சு அனுப்பிட்டாங்க. நீ மீன் லோடு ஆட்டோ ஓட்டினே. திரும்ப ஆள் எடுக்கறாங்கன்னு சேதி வந்தப்ப நான்தான் ஓவரா குதிச்சேன். "தலைவனுக்கு வேல வந்துருச்சு"ன்னு ரீல்ஸே போட்டேன். ஒடனே போன் பண்ணே.

"அத எடுத்துரு தங்கச்சி."

"இன்னா ணா, நல்ல சேதிதான?"

"போன வேல வேற, வந்த வேல வேற. இப்ப நான் கான்ட்ராக்டர் ஆளு."

எனக்கு புரியல. மெஷினு அதான், ஷிப்டு அதான், ஆளும் நீதான்.

மொத நாளே தெரிஞ்சு போச்சு. பழக்கதோஷத்துல பெரிய கேட்டு வழியா நொழஞ்சுட்டே. அது பர்மனன்ட் ஆளுங்க வழி. உன்கூட வருஷக்கணக்கா டீ குடிச்ச செக்யூரிட்டியே கையப் புடிச்சு, "நைனா, தப்பா நெனச்சுக்காத, நீ இப்ப சைடு கேட்டு"ன்னாரு. கிரவுண்டுல வந்து, "எவ்ளோ கோல தடுத்தவன் நானு, என்னிய கேட்டுலயே தடுத்துட்டான் மாமு"ன்னே. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. நீயும் சிரிச்சே, கொஞ்சம் லேட்டா.

டீமும் திரும்ப ஆரம்பிச்சாங்க. பர்மனன்ட்டு மட்டும்தான் ஆடணுமாம். நீ லைனுக்கு வெளிய என் பக்கத்துல நின்னுகினு, புது கீப்பர பாத்து, "டேய், கைல வெண்ண தடவிகினு வந்தியா!"ன்னு கத்தினே. ஆப் டைம்ல வண்டிலேர்ந்து உன் கிளவுஸ எடுத்து அவனுக்கே குடுத்துட்டே. "வூட்ல சும்மா தூங்கிகினு கெடந்துச்சு"ன்னே.

போன மழைக்கு உனக்கு காமால. கண்ணு மஞ்சளா கீதுன்னு நான் சொன்னேன். "லீவு போட்டா அந்த எடத்துல வேற ஆளு நிப்பான் தங்கச்சி"ன்னுட்டு வேலைக்கு போய்கினே இருந்தே. பழைய வேலைல கால் ஒடஞ்சப்ப வூட்ல குந்திகினே சம்பளம் வாங்கினே, மேனேஜர் ஆரஞ்சோட பாக்க வந்தாரு. இந்த தபா ஆஸ்பத்திரிக்கு போறதுக்குள்ள லிவர் போச்சு. "கொஞ்சம் சீக்கிரம் வந்துருந்தா"ன்னு டாக்டர் ஆரம்பிச்சாரு. "எப்டி சார் வருவாரு?"ன்னு அண்ணி கேட்டாங்க.

இப்ப ஏரியால யார கேட்டாலும் வேல கீதுன்றான். பைக்ல சாப்பாடு தூக்கறான், குடோன்ல பெட்டி ஒட்டறான். எப்டி கீதுன்னு கேட்டா பேச்ச மாத்தறான்.

இன்னிக்கு இன்டர்வியூ சோக்கா போச்சு ணா. "எப்ப சேருவ?"ன்னு அந்த மேடம் கேட்டாங்க. நாளைக்கேன்னு சொல்லத்தான் வாய தொறந்தேன்.

"மேடம், ஜுரம் வந்தா சம்பளத்தோட லீவு உண்டா?"

"சேர்றதுக்கு முன்னாடியே லீவாம்மா?"ன்னு சிரிச்சாங்க. நான் எந்திரிக்காம அவங்க மூஞ்சியவே பாத்துகினு இருந்தேன். அப்பால மெதுவா, "கான்ட்ராக்ட்தான்மா. லீவுலாம் கெடையாது"ன்னாங்க.

யோசிச்சு சொல்றேன்னுட்டு வந்துட்டேன். வெளிய பெஞ்சுல அடுத்து போக வேண்டிய பொண்ணு, "உள்ள இன்னாக்கா கேட்டாங்க?"ன்னா.

"அவங்க கேக்கறது கெடக்கட்டும், நீ லீவ பத்தி கேளு"ன்னேன்.

கேட்டாளான்னு தெரியல. வந்த வேலைய வுட்டுட்டேன்னு அம்மா இன்னும் என்கூட பேசல. நாளைக்கு மணலில இன்னொரு எடம். பயமாத்தான் கீது ணா. அங்கயும் கேப்பேன்.