டீச்சர் வீட்டுக் கொலுவில் என் மகள்

திருப்பாதிரிப்புலியூர்,
18-10-64

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, பூஜை லீவுக்கு வந்திருக்கிற உன் தம்பி பழனிவேல் எல்லாரும் பாடலீசர் அருளால் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தை ராமாமிர்தம் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெற்ற மகள் சீமையில் எப்படி இருக்கிறாள் என்று எதிர் வீட்டு டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற பாக்கியம் இந்தத் தெருவில் எனக்கு ஒருத்திக்குத்தான் வாய்த்திருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே சண்டையா என்று கேட்காதே, சண்டைதான். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நடந்தே போய் வருகிறார். பழனிவேல் அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று இளைத்துப்போய் வந்தான், நான்கு நாளில் தேற்றிவிட்டேன். சிதம்பரத்து விருத்தாம்பாள் பெரியம்மா உனக்கு இன்னொரு ஜாதகம் கொண்டுவந்தாள், மாப்பிள்ளை நெய்வேலியில் எஞ்சினியராம், அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் பேசப் போவதில்லை, அதற்கு மேலே ஒரு விஷயம் நடந்துவிட்டது.

விஷயம் கொலுவில் ஆரம்பித்தது. நம் தெருவில் கொலு என்றால் நம் வீட்டுக் கொலுதான் என்பது உனக்குத் தெரியும். கல்யாணமாகி வரும்போது சிதம்பரத்திலிருந்து நான் கொண்டுவந்த நடராசரைப் பார்ப்பதற்கென்றே மஞ்சக்குப்பத்திலிருந்துகூட வருவார்கள். இந்த வருஷம் ஈ காக்கை இல்லை. வந்த நாலு பேரும் நின்ற வாக்கிலேயே வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு, வரோங்க்கா, டீச்சர் வீட்டுல கூட்டம் ஜாஸ்தியாவறதுக்குள்ள போவணும் என்று எதிர் வீட்டுக்கு ஓடினார்கள். ஒரு படி பட்டாணி வேகவைத்துத் தாளித்த சுண்டலை உன் அப்பாவே வேளை தவறாமல் சாப்பிட்டு வயிறு உப்பிப் படுத்துக்கொண்டார். நான் ஜன்னல் வழியாக எதிர் வீட்டு வாசலில் கிடக்கிற செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையா என்று கேட்டால் ஆமாம், பொறாமைதான், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அப்படி என்ன அதிசயம் என்கிறாயா. உன் டீச்சர் இந்த வருஷம் பெண்மணிகள் கொலு வைத்திருந்தாள். (டீச்சர் வைத்திருந்தார்கள் என்று எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும், கோபம் தீரும்வரை அப்படித்தான் எழுதுவேன்.) மேல் படியில் சரஸ்வதி ஒன்றுதான் சாமி, கீழே எல்லாம் உலகத்தில் பேர் வாங்கின பெண்பிள்ளைகள். பேப்பரில் வந்த படங்களை வெட்டிச் சேர்த்து, வண்டிப்பாளையத்து பொம்மைக்காரன் காத்தவராயனிடம் கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறாள். அவன் வெள்ளைக்காரிகள் எல்லாருக்கும் நெற்றியில் குங்குமப் பொட்டு வைத்துவிட்டான். நவராத்திரியில பாழ் நெத்தியோட பொம்பளைய எப்படிங்க ஒக்கார வைக்கறது என்று டீச்சரையே திருப்பிக் கேட்டானாம். மேடம் கியூரிக்குப் பொட்டு, விளக்குப் பிடித்த நைட்டிங்கேல் நர்சம்மாவுக்குப் பொட்டு, போன வருஷம் ஆகாயத்துக்குப் போய்வந்தாளே ரஷ்யாக்காரி தெரஷ்கோவா, அவள் தலையில் கூஜாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி, அந்தத் தொப்பிக்குள்ளேயும் பொட்டு. டீச்சர் அதை அழிக்கச் சொல்லவில்லையாம். இருக்கட்டும், நம்ம வீட்டுக்கு வந்தவங்கதானே என்று விட்டுவிட்டாளாம். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள்தான் சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்துப் பெண்களும் தெருப் பெண்களுமாகக் கூடம் நிறைந்திருக்க, டீச்சர் ஒரு ரூல் தடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொம்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொடி பிடித்துக்கொண்டு நின்றது நம் கடலூர் அஞ்சலையம்மாள். வெள்ளைக்காரன் சிலையை எடுக்கச் சொல்லி மறியல் செய்து ஜெயிலுக்குப் போனவர்கள், அப்போது சின்னப் பெண்ணாக இருந்த மகளும் கூடவே போனாளாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைக் காட்டி, பெண்கள் மருத்துவம் படிக்க வழி திறந்தவர்கள், சட்டசபையில் உட்கார்ந்தவர்கள், அடையாறில் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரி கட்டியவர்கள் என்றாள். மேடம் கியூரிக்கு இரண்டு தடவை நோபல் பரிசாம், அவள் மகளும் அதே பரிசை வாங்கினாளாம். தெரஷ்கோவாவுக்குப் போன வருஷக் கடைசியில் கல்யாணமாகி, இந்த வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். எல்லாரும் ஆகா என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சாதனை பற்றி இல்லை, அவர்கள் ஆகாயத்துக்குப் போகட்டும், ரேடியம் கண்டுபிடிக்கட்டும். ஜெயிலுக்குப் போனாலும் மகளைக் கூடவே வைத்துக்கொள்ள ஒருத்திக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, தாயும் மகளுமாக ஒரே பரிசு வாங்க இன்னொருத்திக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. என் மகள் கடலில் இருக்கிற ஏதோ புழுவை ஆராய்ச்சி செய்கிறாள், அது என்ன புழு என்று யாராவது கேட்டால் நான் டீச்சர் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்போதுதான் மூன்றாவது படியில் அதைப் பார்த்தேன். மேஜைமேல் ஒரு மைக்ராஸ்கோப்பு, அதன்முன் குனிந்தபடி புடவை கட்டின ஒரு பெண். கீழே அட்டையில் செல்வி ச. மலர்க்கொடி எம்.எஸ்ஸி., கடல் ஆராய்ச்சி, இங்கிலாந்து என்று டீச்சர் கையெழுத்து. மேடம் கியூரிக்குப் பக்கத்தில் நீ. ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் புல்லரித்தது என்று சொன்னால் பொய்யில்லை. அடுத்த நிமிஷம் எரிச்சல் வந்தது. என் பெண்ணைத் தன் வீட்டுக் கொலுவில் வைக்க என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? பொம்மையின் மூக்கில் பித்தளைக் கம்பியில் சின்னதாக ஒரு கண்ணாடி வேறு மாட்டியிருந்தது. டீச்சர் வசமாக மாட்டிக்கொண்டாள் என்று நினைத்து, கூட்டத்துக்கு நடுவிலே எழுந்து நின்று உரக்கச் சொன்னேன், ஏன் டீச்சர், எம் பொண்ணுக்கு ஏது கண்ணாடி, படிச்ச நீங்களே இப்படித் தப்பா செய்யலாமா என்று. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாக, மாசி மாசத்துல இருந்து போட்டிருக்காளே, மைக்ராஸ்கோப்பு பார்த்துப் பார்த்துக் கண்ணு வலிச்சுதாம், உங்களுக்கு எழுதலியா என்றாள். மெதுவாகச் சொன்னாள் என்றாலும் எல்லார் காதிலும் விழுந்தது. கொளஞ்சியம்மாள், ஏந் தில்லை, ஒனக்குத் தெரியாதா என்றாள். தெரியும், மறந்துட்டேன் என்றேன். மகள் கண்ணாடி போட்டதை மறக்கிற தாய் எந்த ஊரில் இருக்கிறாள் மலரு? கையில் கொடுத்த சுண்டலை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டீச்சருக்கு எழுத உனக்கு அத்தனை இருக்கிறது, எனக்கு எழுத ஒன்றும் இல்லையா? எனக்கு வருகிற கடிதத்தில் நலம், குளிர் அதிகம், பால் நன்றாக இருக்கிறது, இவ்வளவுதான். பாலைப் பற்றி எனக்கு எழுதுகிறாய், கண்ணைப் பற்றி அவளுக்கு எழுதுகிறாய். அவள் உனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள், அண்ணாமலை நகரில் இடம் வாங்கிக் கொடுத்தாள், சீமைக்கு அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்தாள், எல்லாம் சரி, நன்றி இருக்கிறது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அவளுக்குத் தன் பிள்ளை என்று ஒன்று இல்லை, அதனால் ஊரான் பிள்ளையே அவள் பிள்ளையாகிவிட்டது. உன் அப்பாவிடம் சொல்லி அழுதால், கண்ணாடி போட்டா கண்ணு நல்லாத்தானே தெரியும், அதுக்கு ஏன் அழுவுற என்கிறார். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்ததற்கு எனக்கும் ஒரு படி ஒதுக்கி பொம்மை வைக்கலாம்.

மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு வண்டிப்பாளையத்துக்குப் போனேன். என் மகளுக்கு ஒரு பொம்மை செய், டீச்சர் வீட்டில் இருப்பதைவிட ஒரு சாண் உயரமாக இருக்கணும் என்றேன். காத்தவராயன் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டான். அப்புறம் கேட்க ஆரம்பித்தான். கண்ணாடி வட்டமா சதுரமாம்மா, முடி பின்னலா கொண்டையா, அந்த ஊருல புடவையா கோட்டா, குளிருக்குக் கம்பளிச் சட்டை என்ன கலரு என்று. ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னல் என்று சொன்னேன், நீ இங்கிருந்து போகும்போது பின்னல்தானே. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, டீச்சரம்மா கொடுத்த போட்டோவுல கொண்டையா இருந்திச்சே, அவுங்களையே ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடுங்களேன் என்றான். அதைவிட நான் கெடிலம் ஆற்றில் விழலாம். பொம்மை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வந்த ரிக்‌ஷாவிலேயே திரும்பிவிட்டேன்.

விஜயதசமி அன்று விளக்கு வைத்த பிறகு டீச்சரே நம் வீட்டுக்கு வந்தாள். கொலு முடிந்து ஒரு பொம்மையைப் படுக்க வைக்கணுமே, மலரு பொம்மையைத்தான் படுக்க வைக்கலாம்னு இருக்கேன், அதை நீங்க வந்து செஞ்சாத்தான் முறை என்றாள். தலைவலி என்றேன். அவள் போகவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். நின்றபடியே சொன்னாள், தில்லையம்மா, அவளுக்கு அங்க இன்னும் ரெண்டு வருஷம் இருந்து டாக்டர் பட்டம் முடிக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க, இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம், என்னை யோசனை கேட்டு எழுதியிருந்தா, அம்மா ஏங்குறாங்க, வந்துடுன்னுதான் நான் எழுதியிருக்கேன், உங்ககிட்ட கேட்டா நீங்க அழுவீங்கன்னு அவளுக்குப் பயம் என்று. அழுவேன், ஆமாம், அழுவேன், அழுதால் என்ன? பெற்றவளுக்கு அழுவதற்குக்கூட உரிமை கிடையாதா? என் அழுகைக்குப் பயந்து நீ அவளைக் கேட்டிருக்கிறாய், என் அழுகையைக் காரணம் காட்டி அவள் உன்னைத் திரும்பி வரச் சொல்லியிருக்கிறாள். நடுவில் நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்து அவள் பின்னாலேயே போனேன். மூன்றாவது படியிலிருந்து உன்னைக் கையில் எடுத்தேன். காகிதக் கூழில் செய்தது, கனமே இல்லை. படுக்க வைக்க மனசு வரவில்லை, முந்தானைக்குள் செருகிக்கொண்டேன். ஆமாம், திருடினேன், என் பெண்ணை நானே திருடினேன். உனக்குப் பதில் சரஸ்வதியைப் படுக்க வைத்துவிட்டு, வருகிறேன் என்று வாசலுக்கு வந்தபோது டீச்சர் பின்னாலிருந்து, கண்ணாடிக் கம்பி குத்தும், பார்த்துப் புடிச்சிக்குங்க என்றாள். அவள் அப்படி நல்லவளாக இருப்பதுதான் எனக்கு இன்னும் கோபம். வீட்டுக்கு வந்து அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். பழைய மலர்க்கொடி மாதிரிதான் இருந்தாய். ஆனால் கண்ணாடி இல்லாமல் அங்கே நீ தடுமாறுவாயோ என்று பைத்தியக்கார நினைப்பு ஒன்று வந்தது, உடனே மாட்டிவிட்டேன். இப்போது நீ என் பூஜை அலமாரியில்தான் இருக்கிறாய்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ என்னைக் கேட்கவில்லை, கேட்காமலே சொல்கிறேன். வராதே. இரு. இன்னும் இரண்டு வருஷம் இருந்து அந்தப் புழுவை முழுசாகப் படித்து டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வா. உன் டீச்சர் சொல்லி நீ திரும்பி வந்தாய் என்று இருக்கக்கூடாது, உன் அம்மா சொல்லி நீ படித்தாய் என்றுதான் இருக்க வேண்டும். நெய்வேலி மாப்பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், கண்ணாடி போட்ட பெண் வேண்டாம் என்றால் அவன் வேண்டாம். நான் அழமாட்டேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அழுதுகொண்டேதான் எழுதுகிறேன், அழுதுகொண்டேதான் இரு என்றும் சொல்கிறேன், இரண்டும் ஒரே ஆளால் முடியும் என்று உனக்குத் தெரிந்திருந்தால் என்னிடமே கேட்டிருப்பாய்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. தீபாவளிக்கு நல்லெண்ணெய் கிடைக்காவிட்டால் தலைக்கு வெந்நீராவது ஊற்றிக்கொள். மைக்ராஸ்கோப்பு பார்க்கும்போது நடுநடுவே கண்ணை மூடி ஓய்வு கொடு. தில்லை நடராசர் உனக்கு நீண்ட ஆயுளும், கெடாத கண்ணும், நினைத்த பட்டமும் கொடுக்கட்டும். அப்பா ஆசீர்வாதம் சொன்னார், தம்பி ஸ்டாம்பு கேட்டான். மறக்காமல் கண்ணாடி போட்ட போட்டோ ஒன்று எனக்கு அனுப்பு. டீச்சருக்கு அனுப்பினதன் காப்பி வேண்டாம். எனக்கென்று புதிதாக எடுத்தது வேண்டும், அதை அவளுக்கு அனுப்பக்கூடாது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
தில்லையம்மாள்