ஏழு படிகளும் ஓர் ஆட்சேபக் கடிதமும்

1984 ஜூன் 11, திங்கள்

மகள் வீட்டிலிருந்து திரும்பினேன். பன்னிரண்டு நாள். பேரன் நலம், மூக்கு மட்டும் மருமகன் ஜாடை. தெருமுனையில் காரைத் திருப்பும்போதே வீடு என்னவோ போலிருந்தது. என் வீட்டுக்காரர் எமிலின் பிக்கப் வண்டி நின்ற இடத்தில் வண்டி இல்லை. நாலு சக்கரத் தடமும் வெளுத்த புல்லும்தான் இருந்தன. திருட்டு என்றுதான் முதலில் நினைத்தேன்.

பக்கத்து வீட்டு ஆர்வில் ஸ்டெஹ்லிக் என் தபால்களை ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவந்தான். வெளியூர் போனால் அவன் தபாலை நானும் என் தபாலை அவனும் எடுத்துவைப்பது இருபத்திரண்டு வருட வழக்கம். எல்லாவற்றுக்கும் அடியில் நகராட்சிக் கடிதம். மே 31 தேதியிட்டது. உரிமம் புதுப்பிக்காத, ஓடாத வாகனம் தெருவுக்குத் தெரியும்படி நிற்கக் கூடாதாம். அண்டை வீட்டார் புகார். ஏழு நாளில் அகற்றாவிட்டால் நகராட்சியே அகற்றுமாம்.

எனக்கு இருப்பது ஒரே ஒரு அண்டை வீடு. மறுபக்கம் தேவாலயத்தின் காலி மனை.

ஜூன் 12

பழைய இரும்புக் கடைக்குப் போன் போட்டேன். சனிக்கிழமையே நசுக்கிவிட்டார்களாம். உள்ளே எமிலின் கையுறை இருந்தது, தொப்பி இருந்தது. அவர் போய் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து ரேடியோவில் பேஸ்பால் கேட்பேன். ஆர்விலுக்கு அது தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எத்தனை ரன் என்று கேட்பவனே அவன்தான்.

நேரே போய்க் கேட்டேன். புகார் கொடுத்ததை மறைக்கவில்லை. வண்டிக்கடியில் எலி குடியிருந்து அவன் கொட்டகைக்கு வருகிறதாம். சரி, கடிதம் வந்ததும் ஒரு போன் செய்திருக்கலாமே? மகள் வீட்டு நம்பர் அவன் மனைவி லியோனாவிடம் இருக்கிறது.

"அடுத்தவங்க தபாலை நான் பிரிச்சுப் பாக்கிறதில்ல வெல்டா. ரூலுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

உறையிலேயே நகராட்சி முத்திரை. பிரிக்காமலே உனக்குத் தெரியாதாடா? நீ கேட்ட கடிதம்தானேடா அது?

சும்மா விடமாட்டேன். இதை எழுதி வைக்கிறேன்.

ஜூன் 20

நகராட்சி அலுவலகம் போனேன். விதிமுறைப் புத்தகம் சாம்பல் நிற அட்டையில், கதவிடுக்கில் செருகினால் கதவு அசையாது, அத்தனை தடிமன். யாரும் இதுவரை கேட்டதில்லை என்றாள் எழுத்தர் ட்வைலா. தூசியைத் தட்டிவிட்டுக் கொடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

தானியக் கிடங்கில் பதினெட்டு வருடமாக லாரி எடை போடுபவள் நான். ஒரு பவுண்டு கூடக் குறைய விட்டதில்லை. எனக்குப் படிக்கத் தெரியும்.

ஜூலை 3

குப்பைத் தொட்டி: முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு முன் தெருவோரம் வைக்கக் கூடாது. ஆர்வில் மூன்று மணிக்கே வைக்கிறான். அவன் மட்டுமா, இந்த ஊரே மூன்று மணிக்குத்தான் வைக்கிறது. இருக்கட்டும். புகார் எழுதியது அவன் பேரில் மட்டும்.

ஜூலை 31, செவ்வாய்

இன்று ஒரு நல்ல நாள்.

கோடையில் புல்லுக்குத் தண்ணீர் விட ஒற்றைப்படை வீட்டு எண்ணுக்கு ஒற்றைத் தேதி, இரட்டைக்கு இரட்டைத் தேதி. ஆர்வில் வீடு 417. இன்று 31, நாளை 1. அடுத்தடுத்து இரண்டு ஒற்றை வந்து ஒரு பக்கத்துக்கு மட்டும் லாபம் என்பதால், 31 அன்று யாருமே விடக் கூடாது. பக்கம் 88, அடிக்குறிப்பு. அந்த அடிக்குறிப்பைப் படித்தவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர்: அதை எழுதியவரும் நானும். எழுதியவர் இப்போது உயிரோடு இல்லை.

காலை ஏழு மணிக்கு அவன் தெளிப்பானைத் திறந்தான். ஏழு ஐந்துக்குப் போன். காவலர் டேல் வந்து அபராதச் சீட்டை நீட்டியபோது ஆர்வில் நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினான், பாவம். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று காப்பி குடித்தேன். எமில் போனபிறகு இவ்வளவு ருசியாக ஒரு காப்பி குடித்ததில்லை.

ஆகஸ்ட் 19

விடுமுறைக்கு இழுத்துப்போய்த் தங்கும் அவனுடைய முகாம் வண்டி தெருவில் நிற்கிறது. நாற்பத்தெட்டு மணி நேரம்தான் அனுமதி. டயரில் நானே சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வந்தேன். நாற்பத்தொன்பதாவது மணியில் போன்.

டேல் போனில் பெருமூச்சு விட்டான். "மிஸஸ் ஷிமெக், இந்த மாசத்துல இது ஆறாவது. எனக்கும் வேற வேலை இருக்குங்க." இருந்தால் பார், யார் வேண்டாமென்றது? விதி விதிதான்.

செப்டம்பர் 8

துணி காயப்போடும்போது லியோனா வேலியோரம் வந்தாள். கையில் பிளம் பழம் வைத்த கொலாச்சே ரொட்டி, தட்டு நிறைய. வாங்கவில்லை. அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை.

"உங்க ரெண்டு பேர் ரோஷத்துல நான் யார்கூட பேசறது, சொல்லு? அந்த மனுஷன்கூடவா?"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அவள் மேல் எனக்குக் கோபம் உண்டா? இல்லை. ஆனால் நம்பர் அவளிடம்தானே இருந்தது. அவளும் கூப்பிடவில்லையே.

டிசம்பர் 17

பனி, ஒரு முழம். பெய்து நின்ற இருபத்து நாலு மணி நேரத்துக்குள் வீட்டு முன் நடைபாதையை வாரிச் சுத்தம் செய்ய வேண்டும். நான் விடியுமுன்பே முடித்துவிட்டேன். எல்லைக் கோட்டில் சரியாக நிறுத்தினேன், ஒரு விரற்கடை தாண்டவில்லை. முன்பெல்லாம் யார் முதலில் எழுந்தாலும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாருவோம்.

ஆர்வில் இருபத்து மூன்றாவது மணியில் முடித்தான். கற்றுக்கொண்டுவிட்டான். எரிச்சலாக இருக்கிறது.

1985 பிப்ரவரி 19

லியோனாவுக்குப் பக்கவாதம். காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. வலது பக்கம் முழுவதும்.

என்ன எழுதுவது?

மார்ச் 24

லியோனா வீட்டுக்கு வந்துவிட்டாள். சக்கர நாற்காலி. அவர்கள் வீட்டு வாசலுக்கு ஏழு படி. ஆர்விலும் டேலும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் பார்க்கப் போகவில்லை. போனால் அவன் கதவைத் திறப்பான், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். சீக்கிரம் குணமாக வாழ்த்தும் அட்டை வாங்கிவைத்தேன், அனுப்பவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

நகராட்சியிலிருந்து தபால் அட்டை. 417ஆம் எண் வீட்டின் முன்புறம் மரச் சாய்தளம் கட்ட ஆர்வில் விண்ணப்பித்திருக்கிறான். ஏழு படி உயரத்துக்கு நீளமான சாய்தளம் வேண்டும், அது நடைபாதைக்குப் பத்தடிக்குள் வந்துவிடும். பத்தடிக்குள் எதுவும் கட்டக் கூடாது. அதனால் விதிவிலக்கு கேட்டிருக்கிறான். மே 16 அன்று விசாரணை, ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தரலாம்.

ஆட்சேபமா? அடேயப்பா. என் கையெழுத்தைக் கேட்டு அட்டை வீடு தேடி வந்திருக்கிறது.

மே 2

பக்கம் 140. எல்லையை ஒட்டிய நிலத்துக்காரர் எழுத்தில் ஆட்சேபித்தால் விதிவிலக்குக் குழுவில் நாலு பேர் சம்மதிக்க வேண்டும். ஆட்சேபம் இல்லாவிட்டால் மூன்று பேர் போதும். குழுவில் மொத்தம் ஐந்து பேர். அதில் இருவர் விவசாயிகள். மே மாத நடுவில் சோளம் விதைப்பார்களா, கூட்டத்துக்கு வருவார்களா? லாரி லாரியாக அவர்கள் சோளத்தை எடை போட்டவள் நான். எனக்குத் தெரியும்.

ஆர்விலுக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டிருப்பான், கேட்டால் கொடுப்பார்கள். அவன் இந்தப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை.

மே 9

கடிதம் எழுதிவிட்டேன். ஒரே வரி. "விதி எல்லோருக்கும் ஒன்றே என்பதால் ஆட்சேபிக்கிறேன்." ட்வைலா முத்திரை குத்தாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். நிஜமாகவா என்று கேட்டாள். குத்து என்றேன்.

மே 16, வியாழன்

மூன்று பேர்தான் வந்தார்கள். நாள் முழுக்க வெயில், மண் காய்ந்திருந்தது, இருவரும் டிராக்டரில்.

ஆர்வில் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, தானே வரைந்த படத்தோடு வந்திருந்தான். மூன்று பேரும் கை தூக்கினார்கள். அவன் எழுந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டான். அதற்குப் பிறகுதான் தலைவர் என் கடிதத்தைப் படித்தார். நாலு வேண்டும், மூன்றுதான் இருக்கிறது, எனவே நிராகரிப்பு.

ஆர்வில் திரும்பி என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் படத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜெயித்துவிட்டேன். ஒரு வருடக் கணக்கு தீர்ந்தது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

மே 21, செவ்வாய்

செவ்வாயும் வெள்ளியும் லியோனாவை மாவட்ட மருத்துவமனைக்கு உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போகிறான். டேலுக்குப் பகல் வேலை, வர முடியாது. குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக இறங்குகிறான். படிக்கொரு முறை நிற்கிறான். அவனுக்கு அறுபத்தாறு. அவள் ஒன்றும் இறகு இல்லை.

என் சமையலறை ஜன்னல் நேராக அந்தப் படிகளைப் பார்த்துத்தான் இருக்கிறது. வேறெங்கு பார்ப்பது?

மே 24, வெள்ளி

நாலாவது படியில் அவன் முழங்கால் மடங்கிவிட்டது. அவளை மடியில் வைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேரும் கால் மணி நேரம் படியிலேயே இருந்தார்கள். லியோனாவின் ஒரு செருப்பு கீழே விழுந்து கிடந்தது. அவள் என் ஜன்னலைப் பார்த்தாள். திரையை இழுத்து மூடினேன்.

என்ன காரியம்டி பண்ணி வெச்சிருக்கே வெல்டா. அவனை அடிக்கறேன்னு அவள அடிச்சிட்டியே. அவ என்ன பண்ணினா உனக்கு? ரொட்டி கொண்டுவந்தா.

மே 28

அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். ஆட்சேபத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். ட்வைலா புத்தகத்தைக்கூட எடுக்கவில்லை.

"முடிஞ்சு போனதுல வாபஸ் வாங்க என்ன இருக்குங்க? நிராகரிச்ச மனுவை ஆறு மாசத்துக்கு மறுபடி போட முடியாது. பக்கம் நூத்தி நாப்பத்திரண்டு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். படித்தபோது அடியில் கோடு போடத் தோன்றிய வரி அது. நவம்பர் 16 சனிக்கிழமை, அலுவலகம் திங்கள்தான் திறக்கும், அதற்குப் பிறகு விசாரணைக்கு மூன்று வாரம். அதற்குள் மண் உறைந்துவிடும், தூணுக்குக் குழி தோண்ட முடியாது. ஆக, அடுத்த வசந்தம்.

விதிவிலக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டா என்று கேட்டேன். ட்வைலா சிரிக்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

போகலாம் என்று கதவுவரை வந்தேன். போகவில்லை. ஆர்வில் இடுப்பில் பட்டை கட்டியிருக்கிறான்.

ஜூன் 7, வெள்ளி

போனேன்.

ஒன்பதே கால் மணிக்கு அவன் கதவைத் திறந்தபோது படிக்குக் கீழே நின்றேன். லியோனாவை நாற்காலியோடு வாசலுக்குக் கொண்டுவந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். மன்னிப்பு கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன், வாயில் வந்தது வேறு. தூக்க வேண்டாம், நாற்காலியோடே இறக்கலாம், நான் முன்பக்கம் பிடிக்கிறேன் என்றேன்.

போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். லியோனாதான் நல்ல கையால் நாற்காலியைத் தட்டினாள், சீக்கிரம் என்பதுபோல.

பிடித்தேன். கனம். ஒவ்வொரு படியாக இறங்கினோம், யார் முகத்தையும் யாரும் பார்க்காமல். காரில் ஏற்றி, நாற்காலியை மடித்து வைத்தோம். நன்றி என்று அவன் சொல்லவில்லை, சொன்னால் என்னால் தாங்கியிருக்க முடியாது. கார் கதவைச் சாத்திவிட்டு, "பன்னெண்டரைக்குத் திரும்பி வருவோம்" என்றான்.

ஜூன் 25, செவ்வாய்

கிடங்கில் சொல்லி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். செவ்வாய், வெள்ளி பகல் முழுக்க லீவு, அடுத்த வசந்தம் வரை.

இன்று ஐந்தாவது படியில் ஆர்வில் வாய் திறந்தான். "உன் பக்கம் தாழுது."

தூக்கிப் பிடித்தேன்.